காஞ்சிவரம் திரைப்படம்: விருதும் தகுதியும்

காஞ்சிவரம், பிரியதர்சன் இயக்கிய தமிழ்த் திரைப்படம். 2007ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. தமிழில் அதற்கு முன் அவ்விருதைப் பெற்றது சேதுமாதவனின் மறுபக்கம் மட்டுமே. நெசவாளி வேங்கடமாக நடித்த பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர் விருது பெற்றார். அவர் நடிப்பின் தகுதி தெளிவானது. படத்தின் தகுதியோ ஆராயத்தக்கது.

கதை

பட்டு நெய்பவன் வீட்டில் பட்டு இல்லை என்பதே கதையின் கரு. விடுதலைக்கு முந்தைய காஞ்சிபுரத்தில், வேங்கடத்தால் தன் மணப்பெண்ணுக்குப் பட்டுச் சேலை வாங்க முடியவில்லை. மகள் பிறந்ததும், அவளைப் பட்டு உடுத்தி மணம் முடித்துக் கொடுப்பதாக ஊரார் முன் வாக்களிக்கிறான். சேமிப்பு கைவிட்டுப் போகவே, முதலாளியின் தறிக்கூடத்திலிருந்து நாள்தோறும் சிறிது நூலை வாயில் ஒளித்து வந்து, இரவில் மறைவாக நெய்கிறான்.

நிறை

வேங்கடத்தை வெறும் ஏழையாக மட்டும் காட்டாததே படத்தின் சிறப்பு. பொதுவுடைமைக் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு, அவன் நெசவாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்துகிறான். அதற்குள் மகளின் திருமணம் நெருங்குகிறது. தறிக்கூடம் மூடிக் கிடந்தால் நூல் கிடைக்காது. ஆகவே தான் தொடங்கிய போராட்டத்தைத் தானே முடித்து வைக்கிறான். உரிமைக்காக முழங்கிய வாயும் நூலைப் பதுக்கிய வாயும் ஒன்றே. முதலாளியின் கொடுமையைக் காட்டும் படங்கள் பல உண்டு. போராடுபவனின் சொந்த ஆசை போராட்டத்தைத் தோற்கடிப்பதை, அவனை வெறுக்க வைக்காமலேயே இப்படம் காட்டுகிறது.

குறை

பிற்பகுதியில் இந்தக் கூர்மை மங்குகிறது. திருட்டு பிடிபட்டு வேங்கடம் சிறை செல்வது அவன் செயலின் விளைவு. மகள் கிணற்றில் விழுந்து முடமாவது அப்படியன்று, அது விபத்து. கூலிமுறையால் விளைந்த துன்பம் இங்கே விதியால் வந்த துன்பமாக மாறிவிடுகிறது. பார்வையாளர் அழுகிறார், ஏன் இப்படி நேர்ந்தது என்று கேட்பதை விட்டுவிடுகிறார்.

மதிப்பீடு

எனினும் முடிவுக் காட்சி படத்தை மீட்கிறது. பாதி நெய்த சேலையை மகளின் உடல்மீது போர்த்துகிறான் வேங்கடம். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. வாழ்நாள் உழைப்பின் நீளம் அவ்வளவுதான். இப்படம் குறையற்றது அன்று. ஆனால் வேலைநிறுத்தக் காட்சிகளுக்காகவும் அந்தச் சேலைக்காகவும் விருதுக்குத் தகுதியுடையதே.