அலகிட்டுப் பார்த்த குறள்

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கல்வியின் சிறப்பு பற்றிய கட்டுரையில் ஒரு குறளை எடுத்தாண்டிருந்தாள். முதலடியில் நான்கு சீர், அடுத்த அடியில் மூன்று. எதுகைகூட அமைந்திருந்தது. பல ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறவன் நான்; அந்தக் குறளைக் கேள்விப்பட்டதே இல்லை. "எங்கேம்மா எடுத்த?" என்றேன். "செல்லுல கேட்டேன் ஐயா, அதுவே எழுதிக் குடுத்துச்சு" என்றாள். எதையும் மறைக்கவில்லை.

நானும் கோபப்படவில்லை. அதைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே அலகிடச் சொன்னேன். முந்தின வாரம்தான் வெண்பா இலக்கணம் முடித்திருந்தோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "ஐயா, ஈற்றுச்சீர் இடிக்குது." பார்த்தேன். கடைசிச் சீர் 'கல்வியே'. கல்/வியே, நேர் நிரை, கூவிளம். குறள் வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடியும். பிறகு கல்வி அதிகாரத்தைத் திறந்து 391 முதல் 400 வரை பார்த்தோம். நூலின் இறுதியிலிருக்கும் முதற்குறிப்பு அகராதியையும் புரட்டினோம். அப்படியொரு குறளே இல்லை.

செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்தப் பள்ளிகளைத் தயார்செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்தான் நினைவுக்கு வருகிறான். இயந்திரத்தின் பிழையைப் பிடிக்க அவனுக்கு உதவியது செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பாடம் அல்ல; அசை பிரிக்கத் தெரிந்த கை.

தயாரிப்பு என்ற பெயரில் நடப்பவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். சிபிஎஸ்இ 2019-20 கல்வியாண்டிலேயே ஒன்பதாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவை விருப்பப் பாடமாக வைத்துவிட்டது. 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே கற்பிக்கப்போவதாக ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறைப் பயன்பாட்டுக்குக் குறைந்தது 13 வயது வேண்டும் என்றது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபோது பள்ளிகள் திகைத்து நின்றதை நினைத்தால் இது நல்ல முன்னேற்றம். நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் அதைத் தடைசெய்து, மே மாதமே தடையை விலக்கிக்கொண்டன. தடையால் பயனில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் இந்த ஏற்பாடுகள் பெரும்பாலும் இயந்திரத்தையே மையமாக வைத்தவை. அது எப்படி இயங்குகிறது, எப்படிக் கேட்டால் நன்றாகப் பதில் தரும், என்னென்ன ஆபத்து உண்டு என்று சொல்லித்தருகின்றன. 'இயந்திரம் சொல்வதைச் சரிபாருங்கள்' என்ற வரி எல்லா வழிகாட்டுதலிலும் இருக்கிறது. சரிபார்க்கும் திறன் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. தெரியாத ஒன்றை எப்படிச் சரிபார்ப்பது?

துருக்கியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து 2023-இல் நடந்த ஆய்வு இங்கே முக்கியமானது. கணிதப் பயிற்சியில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவி கிடைத்தது. இன்னொரு பிரிவினருக்கு, விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும் கருவி. அந்தக் குறிப்புகளில் ஆசிரியர்களின் பங்கு இருந்தது. மூன்றாம் பிரிவினருக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சிக் கணக்குகளில் மூன்றாம் பிரிவினரைவிட முதல் பிரிவினர் 48 சதவீதமும் இரண்டாம் பிரிவினர் 127 சதவீதமும் மேலே போனார்கள். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். விடை சொல்லும் கருவியோடு படித்தவர்கள், கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். குறிப்பு தரும் கருவியால் படித்தவர்களிடம் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இந்த முடிவை, வகுப்பறையில் இயந்திரத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தமக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் தெரிவது வேறு. இரண்டு கருவிகளுக்கும் அடியில் இருந்த இயந்திரம் ஒன்றே. வித்தியாசத்தை உண்டாக்கியது, ஒரு கணக்கில் பிள்ளைகள் எந்த இடத்தில் வழுக்குவார்கள் என்று அறிந்த ஆசிரியரின் அனுபவம்.

அந்த அனுபவத்தைப் பயன்படுத்த ஆசிரியருக்கு நேரம் வேண்டும். தென்கொரியா தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். 2025 மார்ச்சில் கணிதம், ஆங்கிலம், தகவலியல் பாடங்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களைச் சில வகுப்புகளில் அறிமுகம் செய்தார்கள். எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயம் என்றிருந்த திட்டம், எதிர்ப்பு வந்ததும் விருப்பமுள்ள பள்ளிகளுக்கு என்று மாறியது. தொழில்நுட்பக் கோளாறு, கூடிப்போன வேலைப்பளு, போதாத பயிற்சி என்று ஆசிரியர்களிடமிருந்து குறைகள் வந்தன. ஆகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் அவற்றின் பாடநூல் தகுதியையே நீக்கி, துணைப் பொருள் என்று இறக்கிவிட்டது. ஒரு பருவத்துக்கு மேல் தாங்கவில்லை. எஸ்டோனியா அதே ஆண்டு செப்டம்பரில் 10, 11-ஆம் வகுப்புகளில் 20,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது. 3,000 ஆசிரியர்களின் பயிற்சி அத்திட்டத்தோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் அந்த நாட்டின் மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு. அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது.

பள்ளிகளில் வேகமாகப் பரவும் இன்னொரு பழக்கம் என்னை உண்மையிலேயே வருத்துகிறது. இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்க இன்னொரு இயந்திரத்தை நம்புவது. ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாக அடையாளம் கண்டது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாகக் குற்றம் சாட்டியது. ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தது ஒரு ஸ்டான்ஃபோர்டு ஆய்வு. சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களில் எழுதுகிற பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது. இரண்டாம் மொழியாக ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறிக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அநீதி வேறில்லை. எழுதியவளைக் கூப்பிட்டு, "இந்தப் பத்தியை உன் சொல்லில் சொல்லும்மா" என்று ஐந்து நிமிடம் பேசினால் தெரிந்துவிடும். நாற்பது பேருக்கு இருநூறு நிமிடம். அந்த நேரத்தைத் தர மனமில்லாமல்தான் கருவியை வாங்குகிறோம்.

'முதலில் பாடம், பிறகு இயந்திரம்' என்று நான் சொல்வதில் ஒரு குறை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷனும் கட்டணக் கருவியும் இருக்கின்றன. அந்தக் குறளைக் கொண்டுவந்தவளின் அம்மா தையல் வேலை செய்கிறவர். இரவு ஒன்பது மணிக்கு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் பதில் சொல்ல வீட்டில் ஆளில்லை. அந்தச் செல்போன் சலிக்காமல் பதில் சொல்கிறது. ஆங்கிலத்தில் பேசிப் பழக அவளுக்கு வேறு துணையும் கிடையாது. 'அடித்தளம் உறுதியாகட்டும்' என்று சொல்லி அவளிடமிருந்து அதைப் பறித்தால் ஏற்றத்தாழ்வு கூடத்தான் செய்யும். ஆகவே விலக்கி வைப்பது என் வாதம் அல்ல. பாடத்தை ஆழமாக நடத்துவதும் கருவியைக் கையில் தருவதும் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் நடக்க வேண்டும்.

அந்தச் செல்போன் அம்மாவுடையது, கணக்கும் அம்மாவின் பெயரில். யுனெஸ்கோ சொன்ன 13 வயது வரம்பு, இப்படி அம்மாவின் செல்லை எடுக்கும் சிறு பிள்ளைகளில் யாரைத் தடுக்கும்? 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. நல்ல சட்டம். ஆனால் பள்ளிகளில் நான் பார்த்த ஒப்புதல் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பிள்ளையின் எந்தத் தகவல் யாரிடம் போகிறது என்று புரியாமல் பெற்றோர் இட்ட கையெழுத்தை ஒப்புதல் என்று நான் ஏற்கமாட்டேன். அதைத் தமிழில் அரைப்பக்கத்தில் எழுதிப் படித்துக் காட்டுவது பள்ளியின் கடமை. மாணவரிடம் பொறுப்பைக் கேட்கும் முன் பள்ளி செய்து முடிக்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

குறள் வகுப்புக்குப் பிறகு எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நீள நோட்டு வைத்தோம். அவரவர் பாடத்தில் இயந்திரம் எங்கே தவறுகிறது என்று பார்த்து எழுதவேண்டும். அதைக் கொண்டே வகுப்பில் பயிற்சி. தமிழுக்கு ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது, பாதிக்கு மேல் பிள்ளைகளே கண்டுபிடித்தவை. அலகிடச் சொன்னால் இயந்திரம் குறிலிணையைப் பிரித்துவிடுகிறது என்று அந்த மாணவியே வந்து எழுதிவிட்டுப் போனாள். கணித ஆசிரியை வடிவியல் நிரூபணங்களில் இடையில் ஒரு படி காணாமல் போவதைத் தொகுத்துவருகிறார். வரலாற்றுக்கு ஒதுக்கிய பக்கங்கள் காலியாக இருக்கின்றன. அந்த ஆசிரியருக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. அவருடைய ஓய்வுப் பாடவேளை இரண்டும் மாணவர் விவரங்களை இணையத்தில் பதிவேற்றுவதில் போய்விடுகின்றன. அடுத்த மாதம் அவருக்கு ஒரு பாடவேளையாவது ஒழித்துத் தாருங்கள் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.