முப்பது மணி நேரமும் நாலரை மணி நேரமும்

பதிவு பெற்ற மருத்துவர் ஒவ்வோர் ஐந்தாண்டிலும் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த நெறிமுறைகள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு உள்ள அவகாசம் நாலரை மணி நேரம். முதல் கணக்குக்குச் சான்றிதழ் உண்டு, கிரெடிட் புள்ளி உண்டு, கவுன்சிலில் பதிவு உண்டு. நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி ஏறும்வரை எத்தனை நிமிடம் ஆனது என்ற இரண்டாவது கணக்கை ஒழுங்காக எழுதிவைக்கும் மருத்துவமனைகள் நம்மிடம் குறைவு. சி.எம்.இ. என்ற பெயரில் வாரக்கடைசிகளில் ஓட்டல் அரங்குகளில் நடக்கும் பக்கவாத வகுப்புகளை எடைபோடுவதென்றால், இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வகுப்புகளால் ஒரு பயனும் இல்லை என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. 2005இல் எம்.பி.பி.எஸ். முடித்து வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் விழுந்துவிட்டால் சி.டி. எடு, ரத்தக்கசிவு இல்லையென்றால் ஆஸ்பிரின் கொடு, பிறகு பிசியோதெரபி. பெரும்பாலான வார்டுகளில் அவர் கண்டது இவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்குள் ஆல்டிபிளேஸ் ஊசி போட்டால் ஊனம் குறையும் என்று அமெரிக்காவின் என்.ஐ.என்.டி.எஸ். ஆய்வு 624 நோயாளிகளைக் கொண்டு 1995இலேயே காட்டியிருந்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வொன்று அந்த அவகாசத்தை நாலரை மணியாக நீட்டியது. 2015இல் எம்.ஆர். கிளீன் உள்ளிட்ட ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்து, தொடை வழியாகக் குழாய் செலுத்திப் பெரிய ரத்தக்குழாயில் உள்ள கட்டியை வெளியே இழுக்கும் முறையை உறுதிசெய்தன. 2018இல் டான், டிஃப்யூஸ்-3 ஆய்வுகள் வந்தபின், ஸ்கேனில் காப்பாற்றத்தக்க மூளைப்பகுதி தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இந்தச் சிகிச்சை செய்யலாம் என்றானது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால் ‘டைம் தாண்டிவிட்டது’ என்று கைவிடப்பட்ட நோயாளிகள் சிலருக்கு அதனால் வழி பிறந்தது. கல்லூரியை விட்டுப் போன மருத்துவருக்கு இந்தச் செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த அரங்குகளை விட்டால் வேறு நல்ல வழி அன்று இருக்கவில்லை.

செய்தி சேர்ந்த பிறகு நடப்பதில்தான் சிக்கல். டேவ் டேவிஸும் சக ஆய்வாளர்களும் 1999இல் தொடர்கல்வி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்து கேட்கும் சொற்பொழிவுகள் மட்டும் மருத்துவரின் நடைமுறையை மாற்றியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பங்கேற்பவர்களைச் செய்துபார்க்க வைக்கும் பயிற்சிகள் ஓரளவு மாற்றின. 2009இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு இன்னும் துல்லியம்: கல்விக் கூட்டங்களால் சரியான நடைமுறை கூடுவது நடுமதிப்பில் ஏறத்தாழ 6 சதவீதப் புள்ளி. இதைப் பூஜ்யம் என்று தள்ள முடியாது. நாடு முழுக்கப் பரவினால் ஆறு புள்ளிகூடப் பல உயிர்கள்தான். ஆனால் பை, மதியச் சாப்பாடு, நினைவுப்பரிசு எல்லாம் சேர்ந்து ஆகும் செலவுக்கு இது சொற்பம்.

ஒரு நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டுச் சொன்னார். இன்று எந்தப் பக்கவாத வகுப்பிலும் முதல் ஸ்லைடு அதுதான். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முடிந்து அந்த ஸ்லைடு வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

பக்கவாதச் சிகிச்சையில் தாமதம் பெரும்பாலும் மருத்துவரின் அறியாமையால் வருவதில்லை. ஸ்ட்ரெச்சர் எங்கே நிற்கிறது, சி.டி. அறையின் சாவி யாரிடம், ரத்த முடிவுகள் எல்லாம் வரும்வரை காத்திருப்பதா, மருந்து எந்த அலமாரியில் என்பவற்றால் வருகிறது. ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனை 1998இல் வாசலிலிருந்து ஊசி வரை 105 நிமிடம் எடுத்துக்கொண்டது. 2011இல் அது 20 நிமிடம். அங்கே புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வழியிலிருந்தே தகவல் சொன்னது; நோயாளி வருமுன்பே அவருடைய மருத்துவ வரலாறு எடுத்துவைக்கப்பட்டது; வந்த ஸ்ட்ரெச்சரிலேயே நேரே சி.டி. அறைக்குக் கொண்டுபோனார்கள், ஸ்கேன் மேசையிலேயே ஊசி போட்டார்கள். இப்படிப் பன்னிரண்டு மாற்றங்கள், ஒவ்வொன்றாக, பல ஆண்டுகளில். மெல்பர்னில் ஒரு மருத்துவமனை இவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, பகல் நேரத்தில் 43 நிமிடத்தை 25 ஆக்கியது. இரவிலும் விடுமுறை நாளிலும் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் எந்த வகுப்பும் ஆளாக நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நார்வேயின் ஸ்டாவாங்கர் மருத்துவமனை வேறு வழியில் போனது. வாரந்தோறும் தங்கள் சொந்த அவசரப் பிரிவிலேயே, நிஜமாகப் பணியில் இருக்கும் குழுவை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். ஏற்கெனவே 27 நிமிடமாக இருந்தது 13 ஆனது. கல்வி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நம் கிரெடிட் முறையில் இதற்கு எளிதில் புள்ளி வாங்க முடியாது. வெளியூரிலிருந்து பேச்சாளர் வந்தாரா, பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்பதுதான் அங்கே பார்க்கப்படும்.

இனி நர்ஸ்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் சாண்டி மிடில்டன் தலைமையில் நடந்த ஆய்வு 2011இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு சாரார் கையில் வழிகாட்டு நெறிகளின் சுருக்கத்தை மட்டும் கொடுத்தார்கள். மறுசாரார் பிரிவுகளுக்கே போய், மருத்துவர்களோடும் நர்ஸ்களோடும் உட்கார்ந்து, தடைகளைப் பேசித் தீர்த்து, மூன்று விஷயங்களை நடைமுறையாக்கினார்கள்: முதல் மூன்று நாள் காய்ச்சலைக் கண்காணித்துக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, வாயில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கும் முன் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களும் முதல் சாராரில் 58 சதவீதம், இரண்டாம் சாராரில் 42 சதவீதம். பாராசிட்டமால், இன்சுலின், ஒரு ஸ்பூன் தண்ணீர். இவ்வளவு மலிவான பொருள்களால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்த ஆய்வு பக்கவாதத் துறையில் அபூர்வம். நம் வகுப்புகளில் இதற்குக் கிடைக்கும் இடமோ மிகக் குறைவு. விழுங்கும் சோதனைக்கு ஸ்பான்சர் கிடையாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் திறனாய்வு முழுமையாகாது. மருந்து நிறுவனங்களிடம் மருத்துவர்கள் அன்பளிப்பும் பயணச்செலவும் பெறக் கூடாது என்று 2009இல் கவுன்சில் விதியைத் திருத்தியது. 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறை, வெளிநாட்டில் தொடர்கல்வி நிகழ்ச்சி நடத்துவதைத் தடுத்து, நிகழ்ச்சிச் செலவை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிடவும் சொல்கிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் பாடத்திட்டத்தின் சாய்வை அவை தொடுவதில்லை. கட்டி கரைக்கும் ஊசி, கட்டியை இழுக்கும் கருவி, புதிய ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை ஆகியவற்றுக்கு விற்பவர் இருக்கிறார். அதனால் மேடையும் இருக்கிறது. பேச்சாளர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். என்ன பேசுவது என்பதை அவர்கள் மேடையேறும் முன்பே வேறொருவர் முடிவுசெய்துவிடுகிறார்.

தேர்ச்சிச் சான்றிதழ்களின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பக்கவாதத்தின் தீவிரத்தை 0 முதல் 42 வரை மதிப்பிடும் என்.ஐ.எச். அளவுகோலுக்கு இணையவழிக் காணொளித் தேர்வு உண்டு. உலகம் முழுக்க ஒரே மொழியில் நோயாளியைப் பற்றிப் பேச உதவியதில் அதன் பங்கு பெரிது. தொலைபேசியில் ‘ஸ்கோர் 14’ என்றால் மறுமுனைக்குப் புரிகிறது. ஆனால் அந்த அளவுகோல் பேச்சுக்கு அதிக மதிப்பெண் வைத்திருப்பதால் மூளையின் வலப்பக்கப் பாதிப்பைக் குறைத்துக் காட்டும். பின்மூளைப் பாதிப்பைப் பல நேரம் தவறவே விடும். தலைசுற்றலும் தள்ளாட்டமுமாக வந்தவர் சிறுமூளைப் பக்கவாதத்தோடு மிகக் குறைந்த ஸ்கோரில் வீடு திரும்பிவிடலாம். அவரைக் கண்டுபிடிக்கக் கண் அசைவுகளை மூன்று விதமாகச் சோதிக்கும் ஹின்ட்ஸ் முறை உண்டு. தேர்ந்த கையில் அது ஆரம்பகட்ட எம்.ஆர்.ஐ.யைவிடக் கூர்மையானது என்று 2009 ஆய்வு காட்டியது. ‘தேர்ந்த கையில்’ என்பது முக்கியம். நோயாளியின் தலையைப் பிடித்துத் திருப்பிப் பழகாமல் ஸ்லைடில் பார்த்து இதைக் கற்க முடியாது.

நரம்பியல் தீவிர சிகிச்சைக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் மேல். நியூரோகிரிட்டிகல் கேர் சொசைட்டி உருவாக்கிய ஈ.என்.எல்.எஸ். பயிற்சி, முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை வரிசைப்படுத்தித் தருகிறது. நினைவிழப்பு, ஓயாத வலிப்பு, மூளை அழுத்தம், ரத்தக்கசிவு என்று நரம்பியல் வல்லுநர் இல்லாத இடத்திலும் டியூட்டி டாக்டர் தடுமாறாமல் நகர அது உதவும். அதன் குறை, வளமான மருத்துவமனையை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருப்பது. மண்டைக்குள் அழுத்தமானி வைப்பதை ஒரு கோட்பாடாகவே கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், பொலிவியாவிலும் ஈக்வடாரிலும் 324 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வந்தது. தலையில் கடும் அடிபட்டவர்களை மானி வைத்துக் கவனித்ததற்கும், ஸ்கேனையும் உடல் பரிசோதனையையும் வைத்துக் கவனித்ததற்கும் பலனில் வேறுபாடு தென்படவில்லை. மானி வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மானி இல்லாத ஊரிலும் ஒழுங்கான முறைப்படி கவனிக்கலாம் என்பது பொருள்.

இதைவிட நமக்கு நெருக்கமான சான்று 2023இல் வெளிவந்த இன்டராக்ட்-3. இந்தியாவும் இலங்கையும் உள்பட 10 நாடுகளில், 121 மருத்துவமனைகளில், மூளையில் ரத்தம் கசிந்த 7,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. ரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரை, காய்ச்சல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அதன் விளைவை முறிப்பது: நான்கையும் ஒரு கட்டாகச் செய்தபோது ஊனத்துக்கும் இறப்புக்குமான வாய்ப்பு குறைந்தது. அறுவை சிகிச்சை வல்லுநர் தேவைப்படாத வைத்தியம் இது.

தீவிர சிகிச்சை வகுப்புகள் அனேகமாகத் தொடாத இன்னொன்று, உறவினரிடம் பேசுவது. ரத்தக்கசிவு வந்த முதல் நாளே ‘ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று முடிவெடுத்தால், சிகிச்சை தளர்ந்து, அந்த முடிவே உண்மையாகிவிடும். அதனால்தான் உயிர்காக்கும் முயற்சி வேண்டாம் என்ற புதிய உத்தரவைக் குறைந்தது இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிப்போடும்படி அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. நம் ஊரில் அது உத்தரவாகக்கூட வருவதில்லை. ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க’ என்ற ஒரு வாக்கியமாக வருகிறது. அதைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதற்கு வகுப்பும் இல்லை, கிரெடிட்டும் இல்லை.

ஒத்திகைக்கும் கணக்கெடுப்புக்கும் வரம்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு பக்கவாத நோயாளி வரும் மருத்துவமனை நிமிடக்கணக்கைத் துரத்தினால், வலிப்புக்குப் பின் கை சோர்ந்தவருக்கும் சர்க்கரை தாழ்ந்தவருக்கும் ஊசி போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. அத்தகைய இடங்களுக்கு ஹிமாசலப் பிரதேசம் காட்டிய வழி பொருந்தும். அங்கே சி.டி. வசதியுள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்கள், ஸ்மார்ட்போனில் நரம்பியல் வல்லுநரின் ஆலோசனையோடு தாங்களே ஊசி போடுகிறார்கள். ஒவ்வொரு நோயாளியும் ஒரு பாடம். தவறினால் அன்றே திருத்தம்.

தமிழ்நாட்டின் அவசர சிகிச்சைத் திட்டமான டி.ஏ.இ.ஐ.யில் பக்கவாதமும் ஒரு பிரிவு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாதம் ஒருமுறை கேஷுவல்டியிலேயே பக்கவாத ஒத்திகை நடத்தச் சொல்ல அந்தத் திட்டத்தால் முடியும். அதில் நின்ற மருத்துவருக்கு கிரெடிட் மணி தர மாநில மருத்துவக் கவுன்சிலால் முடியும். நர்ஸ், சி.டி. டெக்னீஷியன், 108 ஊழியர் ஆகியோரையும் அதே வருகைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். இரவு ஷிப்டில் பாதி ஒத்திகைகளாவது நடக்க வேண்டும். ஓட்டல் வாடகை மிச்சம்.