பாதிக் கதையும் முழுப் பாட்டும்

பேய்ப் படங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் பெரும்பாலும் பயத்திலிருந்துதான் தொடங்குகிறோம். எந்தப் படம் எத்தனை பேரை அலறவைத்தது, எந்தக் காட்சியில் குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள் என்பவையே அளவுகோல்கள். 1949இல் வந்த இந்திப் படம் ‘மஹல்’ தொடங்கி 1966இன் தமிழ்ப் படம் ‘யார் நீ?’ வரை நீளும் ஒரு வரிசைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. பாழடைந்த மாளிகை, மூடுபனி, வெள்ளைச் சேலை, விட்ட இடத்திலிருந்து காதலைத் தொடர வரும் இறந்த பெண் என்று இந்தப் படங்களுக்கு ஒரு தனி உலகம் உண்டு. ஆனால் அவற்றில் உண்மையாகவே திடுக்கிடவைக்கும் இடங்கள் குறைவு. அப்படியிருந்தும் சிறு வயதில் இவற்றிடம் அகப்பட்டவர்கள் நடுவயதிலும் மீளாமல் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்தது பயம் அல்ல, ஏக்கம். அது கண் வழியாக வரவில்லை, காது வழியாக வந்தது என்பதே என் வாதம். மேற்கத்திய கோதிக் கதைக்கு மாளிகை எப்படியோ, அப்படி நம் கோதிக் படத்துக்குப் பாட்டு.

‘மஹல்’ படத்தின் ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங் ஜெர்மானியர். இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டனோடு பாம்பே டாக்கீஸுக்கு வந்தவர். கமால் அம்ரோஹியின் அந்தப் படத்தில் தெரியும் கரிய நிழல்களுக்கு ஜெர்மன் மௌனப் படங்களோடு உறவு உண்டென்று விமர்சகர்கள் சொல்வது சரியே. ஆனால் அந்த நிழல்களைவிட நீண்ட ஆயுள் வாய்த்தது கேம்சந்த் பிரகாஷ் இசையமைத்த ஒரு பாட்டுக்கு. தாளம் நுழைவதற்கு முன்பு நெடுநேரம் குரல் மட்டும் அலைகிறது. எங்கோ தொலைவிலிருந்து ஒருத்தி நெருங்கி வருவதுபோல் அது கேட்க வேண்டும் என்பதற்காக, இருபதை ஒட்டிய வயதிலிருந்த லதா மங்கேஷ்கரை ஒலிவாங்கியிலிருந்து தள்ளி நிறுத்தி, பாடிக்கொண்டே மெல்ல நடந்து வரச் செய்து பதிவு செய்தார்கள். லதாவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். எந்தத் தந்திரக் காட்சியும் இல்லாமல், ஓர் அறையின் நீளத்தைக் கொண்டே ஆவியை உண்டாக்கிவிட்டார்கள். இசைத்தட்டில் பாடகியின் பெயர் இல்லை. கதைநாயகி ‘காமினி’யின் பெயரே இருந்தது. பாடியது யாரென்று கேட்டு நேயர்கள் வானொலிக்கு எழுதினார்கள். உடலில்லாத குரல், பெயரும் இல்லாத குரல். ஒரு குழந்தையின் கற்பனைக்கு இதைவிடச் சிறந்த பேய் கிடைக்காது.

இந்தக் குரல் வீட்டுக்குள் வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1952இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறத்தாழ மறைந்தது. அந்த இடத்தை இலங்கை வானொலி எடுத்துக்கொண்டது. 1957இல் விவித் பாரதி வந்தபோது, கடல் கடந்து வரும் அலைவரிசையில் பாட்டுக் கேட்பது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டிருந்தது. சிற்றலையில் குரல் ஏறி இறங்கும், தேய்ந்து மறைந்து திரும்பி வரும். இசையமைப்பாளர் கூலி கொடுக்காமலே கிடைத்த எதிரொலி அது. படம் எப்போதாவது ஊருக்கு வரும். வந்தாலும் இரண்டாம் ஆட்டத்துக்குக் குழந்தைகளை யாரும் எழுப்பி அழைத்துப் போவதில்லை. அவர்களுக்கு எட்டியது கொட்டகை வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம். அதில் எல்லாப் பாட்டும் இருக்கும். கதையோ நெருக்கடி முற்றும் இடத்தில் நின்றுவிடும். ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்பது அந்த நாளைய வழக்கம். காதல் கதைக்கோ குடும்பக் கதைக்கோ இது வெறும் வியாபாரத் தந்திரம். முடிவு எப்படியும் தெரிந்ததுதான். ஆவிக் கதைக்கு மட்டும் அது வேறு வேலை செய்தது. பெண் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்ற கேள்வி அவிழாமலே நிற்க, அவள் பாட்டு மட்டும் முழுதாகக் கையில் கிடைத்தது.

இந்தப் படங்களில் பாதிக்கு மேல் கடைசியில் பகுத்தறிவிடம் சரணடைபவை என்பதை நினைத்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும். ‘மஹல்’ படத்தின் ஆவி தோட்டக்காரனின் மகள். ராஜ் கோஸ்லாவின் ‘வோ கௌன் தீ’ (1964) படத்தில் பேயாக நடமாடுபவள் நாயகியின் இரட்டைச் சகோதரி; எல்லாம் சொத்துக்காக நடந்த சூழ்ச்சி. இதையே பி.எஸ். வீரப்பா தயாரிப்பில், ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க, சத்யம் ‘யார் நீ?’ என்று தமிழில் எடுத்தார். மதன் மோகனின் மெட்டுகளை வேதா அப்படியே எடுத்துக்கொண்டார். அவர் மெட்டுகளை இரவல் வாங்கியதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். இங்கே அது தேவையாகவே இருந்தது என்பேன், ஏனென்றால் எல்லை கடந்து வந்தது கதை அல்ல, அந்த மெட்டுதான். பி. சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ கதைப்படி ஒரு மோசடியின் கருவி. அந்த உண்மை பாட்டைத் தொடவே இல்லை. திரையில் மர்மம் அவிழ்ந்தபோது குழந்தைகள் பலர் அங்கே இல்லை. இருந்தவர்களும் வீட்டுக்கு எடுத்துப் போனது அவிழ்ந்த முடிச்சை அல்ல. பாட்டிலிருந்த அழைப்புக்குப் படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் பதில் இல்லை.

முடிச்சை அவிழ்க்க மறுத்த படங்களும் உண்டு. இந்த வரிசையின் உச்சம் அவைதான். மதுபாலா ஊஞ்சலில் ஆடும் ‘மஹல்’ படத்துக்குப் படத்தொகுப்பாளராக இருந்த பிமல் ராய், 1958இல் ரித்விக் கட்டக் எழுதிய கதையைக் கொண்டு ‘மதுமதி’யை எடுத்தார். அங்கே ஆவி உண்மை, மறுபிறவியும் உண்மை. 1963இல் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ அதே துணிச்சலோடு வந்தது. நம்பியாரின் ஜமீன்தார் நூறு வயதைக் கடந்தும் சாகாமல், மறுபிறவி எடுத்து வந்த காதலர்களைப் பழைய வெறியோடு துரத்துகிறார். விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் தலைப்புப் பாடல் இன்றும் இரவு வானொலியில் ஒலிக்கிறது; அதைக் கேட்பவர்களில் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தப் படத்தை ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட் அடுத்த ஆண்டே மலையாளத்தில் தன் முதல் படமாக ‘பார்கவி நிலையம்’ எடுத்தார். வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீலவெளிச்சம்’ கதைக்குப் பஷீரே எழுதிய திரைக்கதை அது. பஷீரின் கதையில் பேய் வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளன் மந்திரவாதியைத் தேடவில்லை. இரவல் கிராமபோன் கொண்டுவந்து, அங்கே உயிர்விட்ட பெண்ணுக்காக இசைத்தட்டுகளைப் போடுகிறான். மற்ற படங்களில் ஆவி மனிதனுக்குப் பாடுகிறது. பஷீரிடம் மனிதன் ஆவிக்குப் பாட்டு வைக்கிறான். இந்தத் துறையில் இதைவிட நாகரிகமான ஒரு செயலை நான் படித்ததில்லை.

இதில் புதிதாக என்ன இருக்கிறது, நம் மரபிலேயே பேயும் மறுபிறவியும் சுடுகாடும் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, ஏராளமாக. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் சார்ங்கலன் என்ற சிறுவன், பிணத்தலையை ஏந்தி ஆடும் பேய்மகளைக் கண்ட அச்சத்தில் உயிரையே விடுகிறான். பேயைப் பார்த்த குழந்தை நம் இலக்கியத்தில் பெறுவது மயக்கத்தை அல்ல, மரணத்தை. அதே காப்பியத்தில் மணிபல்லவத்தில் முற்பிறப்பை அறியும் மணிமேகலைக்கு, தன்னைத் துரத்தும் உதயகுமாரனே முன்பு தன் கணவன் இராகுலன் என்று தெரிகிறது. திரைப்படமாக இருந்தால் அங்கே ஒரு பாட்டு வந்திருக்கும். காப்பியமோ அந்த நினைவைப் பற்றறுப்பதற்கான பாடமாக ஆக்குகிறது. வெட்டுண்டு கிடக்கும் அவனுக்காக அவள் அழும்போது, தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை தடுக்கிறது. பழையனூர் நீலியும் முற்பிறப்பை மறக்காதவள்தான். அவள் வந்தது கணக்கைத் தீர்க்க. அறம் பற்றை அறுக்கச் சொல்கிறது, நீலி பழியை முடிக்கிறாள். இறந்த பிறகும் காதலைத் தொடரலாம், தொடர்வதே அழகு என்ற எண்ணம் இந்த இரண்டிலும் இல்லை. அது ரொமாண்டிக் இயக்கத்தின் சரக்கு. திரைப்பாட்டு வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. ‘பீஸ் ஸால் பாத்’ (1962) கானன் டாயிலிடமும் ‘கோஹ்ரா’ (1964) ‘ரெபெக்கா’விடமும் கடன்பட்டவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஹிட்ச்காக்கின் 1940ஆம் ஆண்டுப் படத்தில் இறந்த ரெபெக்காவுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை என்பதைமட்டும் கவனித்தால், கடன் வாங்கியவர்கள் எதைத் தங்கள் கையிலிருந்து சேர்த்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒரு திரைப்படமே முன்வைக்கிறது. ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்தில் கங்காவின் பிளவுண்ட மனத்துக்கு வேர் குழந்தைப்பருவத்தில் இருக்கிறது. பெற்றோரைப் பிரிந்து, பாட்டியிடம் பழங்கதைகளில் ஊறி வளர்ந்தவள் அவள். மாளிகையில் இறந்த நடனக்காரியின் கதை கேட்டதும் அவளாகவே மாறுகிறாள். ஆக, சிறுவயதின் இந்த மயக்கம் நோய். அதை நீக்க மருத்துவர் வேண்டும். பெண்கள் காலம் காலமாகக் காத்திருப்பதை அழகாக்கிச் சிறுமிகளுக்கு ஊட்டுவது நல்லதா என்ற கேள்வியையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாகாத காதல் இந்தப் படங்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிக வேலை வைக்கிறது. முதல் குற்றச்சாட்டை ‘மணிச்சித்திரத்தாழ்’ தானே பலவீனமாக்கிவிடுகிறது. மனநல விளக்கத்துக்கு அது தருவது நீண்ட வசனம். நாகவல்லிக்குத் தருவதோ எம்.ஜி. ராதாகிருஷ்ணனின் இசையும் நடனமும். நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, மலையாளப் படத்தில் தமிழ் பேசுகிறாள். கதை 2005இல் ‘சந்திரமுகி’யாகத் தமிழுக்கு வந்தபோது ஆவி தெலுங்குக்கு மாறி, வித்யாசாகரின் ‘ரா ரா’ பிறந்தது. அந்தப் பாட்டைத் தமிழ்நாட்டுக் குழந்தைகள் சொல்லுக்குப் பொருள் தெரியாமலே முழுதாகப் பாடினார்கள். நோயைக் காட்ட வந்த படத்தில் அவர்கள் பொறுக்கிக்கொண்டது நோயாளியின் பாட்டை.

இன்று குழந்தைகள் பெருங்கூட்டமாகப் பார்க்கும் பேய்ப் படங்கள் வேறு இனம். ‘காஞ்சனா’ (2011) போட்ட பாதையில் வந்தவை சிரிப்பையும் அலறலையும் மாற்றி மாற்றி அடுக்குபவை. அவற்றின் ஆவிக்குக் கொலையாளியின் முகவரி தேவை, காதலனுடையது அல்ல. நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை நீதி கேட்டு வரும் ‘காஞ்சனா’வின் அரசியலை நான் மதிக்கிறேன், ஆனாலும் அது நீலியின் கணக்குத் தீர்க்கும் வழிக்கே திரும்பியிருக்கிறது. பழி தீர்ந்ததும் ஆவி போய்விடும், பாட்டும் கூடவே போய்விடும். பழைய மயக்கம் அடுத்த தலைமுறையில் எங்கே தங்கியிருக்கிறது என்று தேடினால் படத் தலைப்புகளில் அகப்படுகிறது. 1970களில் பிறந்த செல்வராகவன், 2021இல் வெளிவந்த தன் பேய்ப் படத்துக்கு ‘நெஞ்சம் மறப்பதில்லை’ என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு இன்னொன்று. அதில் தனுஷுக்கு இரட்டையர் வேடம், ஒரு சிறுமி ஆவியின் பிடியில் சிக்குகிறாள், தலைப்பு ‘நானே வருவேன்’. இரண்டும் பழைய கதைகளின் மறு ஆக்கங்கள் அல்ல. ஸ்ரீதரின் ஜமீன்தாரும் வரவில்லை, சத்யத்தின் சொத்துச் சூழ்ச்சியும் வரவில்லை. பழைய கொட்டகையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு பாட்டின் முதல் சொற்கள் மட்டுமே.