இருக்கை தரும் அனுமதி

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் டிராக்டரின் மட்கார்டு, அதாவது பின்சக்கரத்தை மூடியிருக்கும் தகட்டு வளைவு, நெடுங்காலமாகவே இன்னோர் ஆள் உட்காரும் இடமாகவும் பயன்பட்டு வருகிறது. பதினைந்திலிருந்து முப்பது குதிரைத்திறன் வரையுள்ள ‘மினி டிராக்டர்’ தென்னந்தோப்பிலும் கரும்பு, மஞ்சள் வரிசைகளின் இடையிலும் நுழையத் தொடங்கிய பிறகு, சிறு உழவர் பலருக்கு அதுவே உழவு வண்டியாகவும் சந்தைக்குப் போகும் வண்டியாகவும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வண்டியாகவும் ஆனது. மட்கார்டில் தொற்றிக்கொண்டு வரும் பிள்ளைக்குத் தனியாக ஓர் இருக்கையை ஊர்ப் பட்டறையில் அடித்து மாட்டிக்கொள்ளும் எண்ணம் இந்தச் சூழலில்தான் பிறக்கிறது. அவ்வெண்ணத்தில் அக்கறை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த அக்கறை சரியான இடத்தில் செலவாகிறதா என்பதே ஆராயத்தக்கது.

இருக்கையின் கட்டமைப்பு எளிது. எல்-ஆங்கிள் எனப்படும் மூலை மடித்த இரும்புப் பட்டையையோ சதுரக் குழாயையோ அறுத்து ஒரு சட்டம் பற்றவைக்கிறார்கள். அதன்மேல் பலகையும் பஞ்சும் வைத்து ரெக்சின் துணியால் போர்த்துகிறார்கள். இருபுறமும் கைபிடிக் கம்பி வளைத்து, பழைய காரிலிருந்து கழற்றிய இடுப்புப் பட்டை ஒன்றையும் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. சட்டத்தை மட்கார்டில் துளையிட்டு போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். கைத்திறன் குறைந்த பட்டறையிலும் இது பார்வைக்குத் திடமாகவே அமையும், ஆட்டிப் பார்த்தால் ஆடாது. ஆனால் சட்டம் எவ்வளவு தடித்ததாக இருந்தாலும் அது நிற்பது சேற்றைத் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட மெல்லிய தகட்டின் மீது என்பதால், அந்த மொத்த ஏற்பாட்டின் வலிமை அத்தகட்டின் துளை ஓரங்களைத் தாண்டுவதில்லை. வயலின் ஓயாத அதிர்வில் அத்துளைகள் நாளடைவில் நெகிழ்ந்து கீறல் விடுகின்றன. கீறல் விழுவதோ ரெக்சினுக்கு அடியில். அதை எவரும் திறந்து பார்ப்பதில்லை.

இவ்வழக்கத்தின் நிறைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. பட்டறை இருக்கையை ஒப்பிட வேண்டியது குழந்தை வீட்டில் பத்திரமாக இருக்கும் நிலையோடு அன்று. ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் மடியிலுள்ள பிள்ளையையும் பிடித்துக்கொண்டு தந்தை ஓட்டும் நிலையோடு. அந்த ஒப்பீட்டில் இருக்கை வெல்கிறது: ஓட்டுநரின் இரு கைகளும் விடுபடுகின்றன, பிள்ளைக்குச் சாய முதுகும் பிடிக்கக் கம்பியும் கிடைக்கின்றன. நடவுக் காலத்தில் தாயும் தந்தையும் ஒருசேர வயலில் நிற்க, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லாத வீடுகள் பெருகிவிட்டன. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானவை என்றாலும், விடியலில் தொடங்கி இருட்டும் வரை நீளும் உழவு அந்த மையங்களின் மணிக்கணக்குக்குள் அடங்குவதில்லை. கைக்குழந்தைக்கு வேப்பமரக் கிளையில் தூளி கட்டிவிடலாம். தூளியை விட்டு இறங்கி ஓடக் கற்ற மூன்று வயதுப் பிள்ளைக்கு வரப்பில் ஓர் ஏற்பாடும் கிடையாது. டிராக்டர் இருக்கை அந்த வயதுக்குத்தான் விடையாக வருகிறது.

குறைகளில் முதலானது வண்டி கவிழ்வது பற்றியது. பாரத்தைப் பின்னச்சின் உயரத்துக்கு மேலே கட்டி இழுக்கும்போதோ, சேற்றில் புதைந்த சக்கரத்தை வலிந்து முடுக்கும்போதோ டிராக்டரின் முன்பகுதி மேலெழுந்து பின்னோக்கிக் கவிழக்கூடும். அது மீட்க முடியாத நிலையை எட்ட ஏறத்தாழ முக்கால் நொடியே ஆகிறது என்பதால், கிளட்ச்சை மிதிக்க வேண்டும் என்று ஓட்டுநர் உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதற்கென உருவானதுதான் கவிழ்வுக் காப்புச் சட்டகம்: வண்டி புரண்டாலும் ஓட்டுநரைச் சுற்றி ஒரு வெற்றிடம் நசுங்காமல் எஞ்சும்படி, அடிச்சட்டத்தோடு இணைத்து, சோதித்துச் சான்றளிக்கப்படும் எஃகு வளைவு. சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் வெயிலுக்காகப் பட்டறையில் பொருத்தும் கூரையை இச்சட்டகம் என்று எண்ணுவோர் உண்டு. அது நிழல் தரும், வண்டியின் எடையைத் தாங்காது. சட்டகம் இல்லாத வண்டியில் இடுப்புப் பட்டையும் பகையாகிறது, ஏனெனில் கவிழும்போது தூக்கி எறியப்பட்டுத் தப்பிக்கும் சிறு வாய்ப்பையும் அது பறித்து, அணிந்தவரை வண்டியோடு பிணைத்துவிடுகிறது. சட்டகம் உள்ள வண்டியிலும் காக்கப்படும் வெற்றிடம் பெரும்பாலும் நடுவில் அமர்ந்த ஒருவருக்கே அளக்கப்பட்டது. மட்கார்டின் மேல் இருக்கும் பிள்ளையின் தலை அதன் விளிம்பிலோ வெளியிலோ நிற்கிறது. ஆக, குழந்தையின் நலன் கருதிப் பட்டறைக்காரர் சேர்க்கும் பட்டையே அந்த ஏற்பாட்டின் மிக ஆபத்தான உறுப்பாக முடிகிறது.

பட்டையைத் தவிர்த்தால் விழுவது பற்றிய குறை வந்து நிற்கும். இருக்கைக்கு நேர்கீழே சக்கரம் சுழல்கிறது. சேற்றுழவில் அது ரப்பர் டயராகக்கூட இல்லாமல் இரும்புக் கம்பிகளால் ஆன கேஜ் வீலாக இருக்கும். பின்னால் சுழல் கலப்பை, அதை இயக்கும் பி.டி.ஓ. தண்டு, அதாவது எஞ்சினின் விசையைக் கருவிக்குக் கொண்டுசெல்லும் தண்டு, நிமிடத்துக்கு 540 சுற்று என்ற வழக்கமான வேகத்தில் நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற நடை வேகத்திலும் வண்டி நொடிக்கு ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்வதால், பிள்ளை நழுவியதை எஞ்சின் இரைச்சலில் தந்தை கேட்டு நிறுத்துவது நடவாத காரியம். கூடுதல் எடையால் வண்டி சமநிலை இழக்கும் என்று சிலர் எழுப்பும் மறுப்பு இவற்றோடு ஒப்பிடச் சிறியது. பதினைந்து கிலோ பிள்ளை ஒரு டிராக்டரைக் கவிழ்த்துவிடுவதில்லை.

டிராக்டரில் பிள்ளையை ஏற்றுவதைச் சட்டங்கள் இருவேறு வழிகளில் அணுகியுள்ளன. பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகள் பதின்மூன்று வயதுக்குட்பட்ட எவரும் பண்ணை வேலையில் உள்ள டிராக்டரில் ஏறவே கூடாது என்கின்றன. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளிலோ மட்கார்டின் மேல் அமையும் துணை இருக்கைகள் தொழிற்சாலைப் பொருளாகவே விற்கப்படுகின்றன. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு சாலை விதிமுறைகள் டிராக்டரில் ஓட்டுநரைத் தவிர வேறு ஆளை ஏற்றுவதைத் தடுத்தன. தடை இருந்தும் மட்கார்டு காலியாகப் போவதில்லை. தடைசெய்த ஒன்றுக்கு அரசு தரக்கட்டளை வகுக்க முடியாது என்பதால், எந்த போல்ட், எந்த இடம், எந்த வயது என்ற கேள்விகள் அனைத்தும் பட்டறைக்காரரின் ஊகத்துக்கு விடப்படுகின்றன. இருசக்கர வண்டியில் இதற்கு மாறான வழி தேர்ந்தெடுக்கப்பட்டது: 2022 பிப்ரவரியில் வெளியான மத்திய அரசு விதி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு முப்பது கிலோ தாங்கும் பாதுகாப்புக் கச்சையையும் தலைக்கவசத்தையும் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்ற வேக வரம்பையும் வரையறுத்தது. பயன்பாட்டை ஒப்புக்கொண்டதால்தான் அளவுகளைச் சொல்ல முடிந்தது.

சிங்கப்பூர் வாசகருக்கு டிராக்டர் தொலைவான பொருள், இச்சிக்கல் அப்படியன்று. சிங்கப்பூர்ச் சாலையில், கார் இருக்கையில் 1.35 மீட்டர் உயரத்துக்குட்பட்ட குழந்தை தக்க காப்பிருக்கை இல்லாமல் பயணம் செய்வது குற்றம். பத்து வயது நிரம்பாதவரை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றுவதும் குற்றம். அதே சாலையில் லாரியின் பின்தளத்தில் பட்டையின்றி அமர்ந்து தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலைக்குப் போகிறார்கள், அது குற்றமன்று. சரக்கு வண்டியில் ஆளேற்றக் கூடாது என்ற பொதுவிதிக்கு விலக்காக நிற்கும் இந்தப் பயணத்துக்குக் கூரையும் உயர்ந்த பக்கக் கம்பிகளும் பின்னர் கட்டாயமாக்கப்பட்டன. அவை மழையைத் தடுத்தன, ஓரத்தில் அமர்ந்தவர் விழுவதைக் குறைத்தன. கூடவே, சரக்குத் தளத்தைப் பயணியர் பகுதிபோலத் தோன்றச் செய்து, பேருந்துக்கு மாறும் நாளையும் தள்ளிப்போட்டன என்று கருத இடமுண்டு.

பட்டறை இருக்கையின் அடிப்படைக் குறையும் இதுவே. மடியில் இருக்கும் பிள்ளையைத் தந்தை பத்து நிமிடத்தில் இறக்கிவிடுவார், ஏனெனில் அவருக்குக் கை வலிக்கும், மனத்தில் அச்சமும் இருக்கும். பஞ்சு வைத்த இருக்கையில் பிள்ளை தூங்கிவிடும். உழவு மூன்று மணி நேரம் தொடரும். வசதி கூடும் அளவுக்கு ஆபத்துக்கு ஆட்படும் நேரமும் கூடுகிறது, ஆபத்தோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அடிச்சட்டத்தோடு இணைந்த காப்புச் சட்டகத்துக்குள், கருவி எதுவும் இயங்காத வண்டியில், வீட்டுக்கும் சாலைக்கும் இடைப்பட்ட குறுந்தொலைவுக்கு இத்தகைய இருக்கை ஏற்கத்தக்கதாக என்றேனும் ஆகலாம், அதற்குரிய தரக்கட்டளை பிறந்தால். உழவு நடக்கும் வயலில் அதற்கு இடமே இல்லை. இருக்கை அடிக்க ஆகும் அதே ஆங்கிளையும் குழாயையும் கொண்டு, வரப்போர வேப்பமர நிழலில் நான்கு பக்கமும் கம்பி அடைத்த ஒரு தொட்டில்மேடையை எந்தப் பட்டறைக்காரரும் அடித்துத் தந்துவிடுவார். கேட்க வேண்டியது பெற்றோர்.