ஐந்து சென்ட் ஆசான்

ஆண்களுக்கான உடற்பயிற்சிப் பத்திரிகைகளில் எனக்கு மிகப் பிடித்தது, பெர்னார் மக்ஃபேடன் 1899-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'ஃபிசிக்கல் கல்ச்சர்'. முதல் இதழின் விலை 5 சென்ட். இன்றைய உடற்பயிற்சிப் பத்திரிகைகளின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

அதன் அழகு படங்களில் இருக்கிறது. முதுகை எங்கே வளைப்பது, எந்தத் தசை திரள வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் விளக்கி மாளாது. மக்ஃபேடன் தானே கேமரா முன் நின்று காட்டினார். நோஞ்சான் பிள்ளையாக இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டவர் அவர். அதனால்தானோ என்னவோ, மெலிந்தவர்களை அந்தப் பத்திரிகை கைவிடவே இல்லை. 1921-இல் அது நடத்திய போட்டியில் வென்ற ஏஞ்சலோ சிசிலியானோ, இத்தாலியிலிருந்து குடியேறியவர். அவரும் இளமையில் ஒல்லிதான். பிறகு சார்லஸ் அட்லஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றார்.

மருத்துவர்களையும் தடுப்பூசியையும் மக்ஃபேடன் எதிர்த்தது பெரும் பிழை, ஆபத்தான பிழையும்கூட. பழைய இதழ் ஏதாவது கையில் கிடைத்தால் அந்த மருத்துவ யோசனைகளை ஒதுக்கிவிடுங்கள். பயிற்சிப் படங்களை நிதானமாகப் பாருங்கள்.