கருப்பொருள் இல்லாத திணை: கூ சுய் ஹோவின் சிற்றோவியங்கள்

பாலிங் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் மலேசியத் தமிழர் நினைவுக்கு வருவன இரண்டு. 1955ஆம் ஆண்டு டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் துங்கு அப்துல் ரகுமான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகிய மூவரும் சின் பெங்கைச் சந்தித்துப் பேசிய பள்ளிக்கூடம் ஒன்று. 1974ஆம் ஆண்டின் இறுதியில் ரப்பர் விலை வீழ்ந்தபோது வயிறு காய்ந்த சிறுதோட்டக்காரர்கள் திரண்டெழுந்த கிளர்ச்சி மற்றொன்று. மூன்றாவதாக நினைக்கத்தக்கது ஒன்று உண்டு. மலேசிய எண்ணெய்வண்ண ஓவியத்தில் தனக்கென ஓர் உலகத்தையே படைத்துக்கொண்ட கூ சுய் ஹோ 1939ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்தவர். தமிழ் இலக்கியக் கூட்டங்களில் இப்பெயர் ஒலிப்பது அரிது. ஓவியம் என்றால் சிறுகதைக்குப் பக்கத்தில் இடம் நிரப்பும் படம் என்ற அளவிலேயே நம் அக்கறை நின்றுவிடுவது அதற்கு ஒரு காரணம்; சீனர் வரைந்தது சீனருக்கு, தமிழர் எழுதியது தமிழருக்கு என்று எழுதப்படாத பாகப்பிரிவினை ஒன்று நடந்துவிட்டது இன்னொரு காரணம்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பு நீண்டதன்று. லிம் ஹாக் தாய் 1938இல் சிங்கப்பூரில் தோற்றுவித்த நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பயின்று 1961இல் வெளிவந்தார். 1965இல் அவர் தீட்டிய ‘சூரியனின் பிள்ளைகள்’ தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் இடம்பெற்றது. 1974இல் மூன்றாம் ஜான் ராக்ஃபெல்லர் நிதியத்தின் உதவியுடன் நியூயார்க் சென்று, பிராட் நிலையத்தில் அச்சோவியம் பயின்றார். 1977இல் பினாங்கில் ‘உத்தாரா’ ஓவியர் குழு உருவாவதற்கு முன்நின்றார். ‘உத்தாரா’ என்னும் மலாய்ச் சொல் வடமொழி ‘உத்தர’த்தின் வழி வந்தது, வடக்கு என்பது பொருள். பெயரிலேயே திசையைப் பொறித்துக்கொண்ட குழு அது. பின்னர் அவர் அமெரிக்காவில் குடியேறினார்.

பெரிய கித்தான்களில் அவர் வரைந்தவை பலராலும் பேசப்பட்டன. எனினும் அவருடைய ஆற்றலை அளந்தறிய விரும்புவோர் கைக்கு அடங்கும் சிற்றளவு ஓவியங்களையே முதலில் காண வேண்டும். (தோட்டத் தமிழரின் ‘கித்தா’வுக்கும் ஓவியரின் ‘கித்தா’னுக்கும் சொல்லளவில் உறவு ஏதும் இல்லை, ஆயினும் பாலிங்கில் பிறந்த ஓவியரைப் பற்றி எழுதும்போது இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்பதைத் தவிர்க்க முடியவில்லை.) அச்சிற்றோவியங்களில் இருப்பவை மிகச் சில. ஓர் உருவம், அல்லது இரண்டு. முகங்கள் முகமூடியின் அமைதி கொண்டவை, கண்கள் அகன்றவை. பின்னால் ஒரு வட்டம். அது கதிரவனா நிலவா என்று துணிந்து சொல்ல இயலாது. ஒரு குன்றின் வளைவு, ஒன்றிரண்டு மரங்கள். அவ்வளவே. வீடு இருப்பதில்லை, வேலைக்கருவி இருப்பதில்லை, ஆடையைக் கொண்டு இன்ன இனத்தார் என்று அடையாளம் காணவும் வழி இருப்பதில்லை.

இந்தச் சுருக்கம் எண்ணெய் வண்ணத்தின் இயல்போடு இயைந்தது. எண்ணெய் வண்ணம் நீர் வற்றி உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. மெல்லிய பூச்சுக்கே நாள்கள் வேண்டும். தடித்த பூச்சு உள்வரை இறுகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் பெரிய ஓவியத்தில் நேற்றுத் தீட்டிய பகுதிக்கும் இன்று தீட்டும் பகுதிக்கும் இடையே ஒரு பொருத்து உண்டாகிறது. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருக்க வேண்டும் என்னும் விதியைக் காத்து, வெடிப்பு வராமல் பார்த்துக்கொள்ளும் கவலையும் சேர்கிறது. சிறிய பரப்பிலோ முழு ஓவியத்தையும் ஈரம் மாறுமுன் ஒரே இருப்பில் தீட்டிவிடலாம். உருவத்தின் ஓரமும் பின்புலத்தின் ஓரமும் ஈரத்தோடு ஈரமாகக் கலக்கும். கூ சுய் ஹோவின் சிறிய ஓவியங்களில் தோளும் குன்றும் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தனபோல் தோன்றுவது இதனால்தான். பெரியவற்றில் அதே தோளும் அதே குன்றும் தனித்தனியே நின்றுவிடுகின்றன. அலங்காரம் மிகுந்து, உணர்வு மெலிகிறது.

அவருடைய படைப்பின் ஊற்றுக்கண்கள் எவை என்னும் வினாவுக்கு எளிதாகத் தரக்கூடிய விடை, நன்யாங் கழகம் என்பது. சியோங் சூ பியெங், சென் வென் சி, லியூ காங், சென் சோங் சுவீ ஆகிய நால்வரும் 1952இல் பாலித்தீவுக்குச் சென்று திரும்பியபின், சிங்கப்பூர் ஓவியத்தில் வெயில்பட்ட மேனியும் நீண்ட கைகால்களும் ஒரு மொழியாகவே நிலைபெற்றன. சியோங் சூ பியெங் கழகத்தில் கற்பித்தவர். அவருடைய நெடிய உருவங்களின் சாயல் கூ சுய் ஹோவிடம் இல்லை என்பார் கண்ணை மூடிக்கொண்டு பேசுபவர். ஆனால் சியோங்கின் பெண்கள் ஏதேனும் ஒன்றைச் செய்துகொண்டிருப்பார்கள். நெய்வார்கள், சுமப்பார்கள், மீன் உலர்த்துவார்கள். கூ சுய் ஹோவின் மாந்தர்க்குச் செயல் இல்லை. இருத்தல் ஒன்றே அவர்கள் தொழில். பிராட் நிலையத்து அச்சுப் பயிற்சியும் வீண்போகவில்லை. வண்ணத்தைத் தட்டையாக விரித்து, கோட்டை அளந்து இடும் சிக்கனத்தில் அதன் தடத்தைக் காணலாம்.

எளிதில் தரமுடியாத விடையோ பாலிங்கில் இருக்கிறது. ஊரை ஒட்டிச் செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலையைப் பார்த்து வளர்ந்தவர்க்குக் குன்று என்பது தொலைவில் தெரியும் நீலக்கோடு அன்று. தெருக்கோடியில் நிற்கும் சுவர். அவருடைய ஓவியங்களில் குன்று மனிதர் தோளோடு தோளாக நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டியதில்லை. ஊர்ப்பெயரின் கதையும் உண்டு. மனித இரத்தத்தின் சுவை கண்டு கோரைப்பல் முளைத்த அரசன் ராஜா பெர்சியோங், இறுதியில் அப்பல்லைப் பிடுங்கி வீசினான் என்றும், வீசுதல் என்னும் பொருள்தரும் ‘பாலிங்’ அது விழுந்த இடத்துக்குப் பெயராயிற்று என்றும் கெடா மக்கள் சொல்வர். துங்குவே இக்கதையை எழுத, 1968இல் திரைப்படமும் வந்தது. பல்லொன்று விழுந்து ஊரான இடத்தில் பிறந்த ஓவியர், நிலவிலிருந்து மனிதர் இறங்கி வந்தாற்போல் வரைவதில் வியப்பில்லை.

இங்கே தமிழ் வாசகரின் கையில் ஒரு அளவுகோல் இருக்கிறது. மேல்நாட்டுக் கலைச்சொற்களைக் கடன் வாங்காமலே இவ்வோவியங்களை அளக்க அது போதும். அகத்திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றைத் தொல்காப்பியம் வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் உரி. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பதும், உரிப்பொருள் ஒன்றே நின்றாலும் பாட்டு அகப்பாட்டாகும் என்பதும் மரபு. கூ சுய் ஹோவின் சிற்றோவியத்தில் முதற்பொருள் உண்டு: குன்றும், மாலையோ யாமமோ எனத் தெரியும் ஒளியும். உரிப்பொருளும் உண்டு: இருவர் நிற்கும் நிலையில் பிரிவோ காத்திருப்போ தெளிவாகவே தெரிகிறது. இல்லாதது கருப்பொருள். இன்ன மரம் என்று பெயர் சொல்ல முடியாத மரம். இன்ன தொழில் என்று சொல்ல முடியாத கை. கருப்பொருளை அறவே நீக்கிவிட்டுத் திணையை நிறுத்திக் காட்டிய துணிவே அவருடைய தனித்தன்மை.

தோட்டப்புறத்தைப் பற்றி மலேசியத் தமிழில் எழுதப்பட்ட கதைகளுட் பலவற்றை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. அவற்றில் கருப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பெரட்டுக்களம், காண்டாக் கம்பு, வாளி, மங்கு, ஒட்டுப்பால், லயத்து வாசலில் எரியும் கொசுவிரட்டிப் புகை, கிராணியின் அதட்டல், கள்ளுக்கடை. கோலகெட்டிலிலும் பீடோங்கிலும் கூலிமிலும் வாழ்ந்தவர் படித்தால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் வாளியைத் தூக்கும் பெண்ணின் உள்ளத்தில் இருப்பது என்ன என்று கேட்டால், வறுமை என்றும் துயரம் என்றும் இரண்டு சொற்களே விடையாகக் கிடைக்கின்றன. பட்டியல் நிறைந்திருக்கிறது, திணை உருவாகவில்லை. இக்குறையைச் சுட்டுவது எழுத்தாளரை இழிப்பதற்கன்று. நிலம் கைவிட்டுப் போகும்போது அதிலுள்ள பொருள்களின் பெயரையாவது காப்பாற்ற வேண்டும் என்னும் பதற்றம் அவர்களுக்கு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் அழிந்து செம்பனை வந்தது, பின்னர் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. அந்தப் பட்டியல்களே இன்று சில தோட்டங்களுக்கு எஞ்சிய சான்றுகள். கூ சுய் ஹோவின் ஓவியம் எதற்கும் அப்படிச் சான்றாகாது. பாலிங்கில் ரப்பர் மரம் இருந்தது என்பதைக்கூட அவற்றைக் கொண்டு நிறுவ முடியாது.

இதுவே அவர்மேல் வைக்கத்தக்க வலிமையான குற்றச்சாட்டும் ஆகும். அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948இல் அவருக்கு ஒன்பது வயது. அது முடிந்த 1960இல் இருபத்தொன்று. தாய்லாந்து எல்லையை ஒட்டிய அப்பகுதியில் ஊரடங்கும், முள்வேலியும், புதுக் கிராமங்களும் அறியாது எவரும் வளர்ந்திருக்க முடியாது. பாலிங்கில் மக்கள் தெருவில் இறங்கிய 1974ஆம் ஆண்டிலேதான் அவர் நியூயார்க்கில் அச்சோவியம் பயிலச் சென்றார். இவற்றுள் ஒன்றேனும் நேராகக் கித்தானில் ஏறவில்லை. அதே கெடாவின் யான் பகுதியில் 1936இல் பிறந்த இப்ராகிம் ஹுசேன், 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு தேசியக் கொடியைக் கருமை மூடிய ஓவியமாக்கிக் காட்டினார். ஒருவர் நிகழ்ச்சியின் கண்ணைப் பார்த்தார். மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்லிவிடுவது எளிது.

எளிது, ஆனால் போதாது. 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பின், எது மலேசியக் கலை என்னும் வினா ஒவ்வோர் ஓவியரின் வாசலிலும் வந்து நின்றது. பலர் அடையாளங்களைத் தேடி ஓடினர். கம்போங் வீடு, வாவ் பட்டம், பாத்தேக் பூக்கோலம் என்று கருப்பொருளைக் குவித்தனர். இனம் தெரியாத மனிதரையும் பெயர் தெரியாத மரத்தையும் அத்தகைய காலத்தில் தொடர்ந்து வரைவது ஒருவகை மறுப்பு. பேசாமல் இருப்பதும் பேச்சாகும் இடங்கள் உண்டு. எனினும் அந்த மறுப்பு முழு வெற்றி பெற்றது என்று சொல்வதற்கில்லை. ஒரே முகம் திரும்பத் திரும்ப வருகிறது. பத்து ஓவியங்களில் அமைதியாகத் தோன்றிய கண்கள் இருபதாவதில் வெறும் பழக்கமாகிவிடுகின்றன. வாங்குவோர் விரும்பும் இனிமைக்கு ஓவியர் இடங்கொடுத்துவிட்ட தருணங்களும் தெரிகின்றன. நிலவு மிக வட்டமாகவும் நீலம் மிக அழகாகவும் அமைந்த ஓவியங்கள் அவை. சிற்றோவியம் விலைக்கு எளிது என்பதால் இந்த ஆபத்து அதற்கே அதிகம்.

கெடாவின் மண்ணில் தமிழர் தடம் புதிதன்று. பூஜாங் பள்ளத்தாக்கின் கற்களும், கடாரம் என்னும் சொல்லும் அதற்குச் சான்று. இருந்தும் அம்மண்ணில் பிறந்த புகழ்பெற்ற ஓவியரின் உலகில் தமிழ்முகம் எனத் தனியே சுட்டத்தக்கது ஒன்றும் இல்லை என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் நியாயமானதே, ஆனால் அவருடைய உலகில் சீனமுகம் எனச் சுட்டத்தக்கதும் இல்லை. கரிய மேனியும் அகன்ற கண்ணும் கொண்ட அவ்வுருவங்களைக் கோவில் விழாவுக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகள் என்று தமிழர் ஒருவர் கண்டால், அதை மறுக்க ஓவியத்துக்குள் எதுவும் இல்லை. கருப்பொருளை நீக்கியதால் விளைந்த வெற்றிடம் காண்போரின் கருப்பொருளுக்கு இடம் தருகிறது. பெரிய ஓவியங்களில் அலங்காரம் அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. சிறியவற்றில் அது திறந்தே கிடக்கிறது.

இரண்டு உருவங்கள் உள்ள சிற்றோவியங்களைத் தொடர்ந்து பார்ப்பவர் ஒன்றைக் கவனிப்பர். அவ்விருவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் நோக்குவதில்லை. தோள் உரசும் அண்மையில் நின்றும், இருவர் பார்வையும் நேரே, காண்பவர் நிற்கும் பக்கமே வருகிறது. இருவருக்கும் இடையே ஒரு விரற்கடை அளவு பின்புல வண்ணம் விடப்பட்டிருக்கும். பிரிவின் உரிப்பொருள் முழுவதும் அந்த விரற்கடையில்தான் இருக்கிறது.