ஆறங்குலத்துக்குள் அடங்காத தமிழ்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலில் வைத்துப் படிக்க இ-ரீடரை மிஞ்சிய திரை இன்னும் வரவில்லை. ஆனால் நான் படிக்க ஆசைப்படும் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை அதற்குள் நுழையவே மாட்டேன் என்கின்றன. இந்தச் சண்டைக்கு நடுவில்தான் பல மாதமாக ஒரு ஆறங்குல ரீடரோடு குடித்தனம் நடத்துகிறேன்.

அங்குலத்துக்கு 300 புள்ளி, வாரக்கணக்கில் தாங்கும் பேட்டரி, ராத்திரிக்கு முன்விளக்கு. இதெல்லாம் பெட்டியின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறது. எந்தக் கம்பெனி என்பதையும் விட்டுவிடலாம். நான் புலம்பப்போவது எந்தக் கம்பெனியின் ஆறங்குலத்துக்கும் பொருந்தும்.

ராணிப்பேட்டைக்காரன் வெயிலைப் பற்றிப் பேசாமல் திரையைப் பற்றிப் பேச முடியாது. சித்திரையில் இங்கே 40 டிகிரி என்பது செய்தியே இல்லை. ஐபேடைச் சுற்றி 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் ஊரில் கோடை முழுக்கப் பகலில் அதை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் சில ரீடர்களோடு வரும் தாளிலும் அதே 35தான் போட்டிருக்கிறது. ஆனால் போனும் டேப்லெட்டும் வெயிலை ஜெயிக்க வெளிச்சத்தைக் கூட்டுகின்றன. கூட்டினால் சூடு, சூடேறினால் தானாகவே மங்கல். ரீடருக்கு அந்தப் போட்டியே இல்லை. திரைக்குள் மின்னேற்றம் பெற்ற கறுப்பு வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. பக்கம் திருப்பும்போது மட்டும் கொஞ்சம் மின்சாரம் வாங்கி இடம் மாறும், அப்புறம் அசையாது. சூரியன் கொடுக்கும் வெளிச்சத்தைத் தாள் மாதிரி திருப்பி அனுப்புவதோடு வேலை முடிந்தது. சிப்காட் சாலையில் நட்ட நடுப்பகலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் போனைக் கையால் மறைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பார்கள். என் திரை மட்டும் வெயில் ஏற ஏறத் தெளிவாகும். இந்த ஒரு சுகத்துக்காகவே காசு கொடுக்கலாம் என்று முதல் வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாவது வாரம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து ஒரு பழைய பயண நூலை இறக்கினேன்.

அங்கே இருக்கும் செல்வம் கொஞ்சநஞ்சமல்ல. நாட்டுடைமை ஆன நூல்கள், எங்கும் மறுபதிப்புக் காணாத நூல்கள், பழைய இதழ்கள் என்று எல்லாமே இலவசம். ஆனால் பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎஃப். நூலக முத்திரை, செல்லரித்த ஓட்டை, முன்னால் படித்த யாரோ பென்சிலில் போட்ட கோடு எல்லாம் அப்படியே வரும். டேப்லெட்டில் பார்த்தால் அழகு. ரீடரில் அந்தப் பழுப்புத் தாள் சாம்பலாக மாறிவிடும். மொத்தம் 16 சாம்பல் நிறங்களைக் காட்டும் திரைக்கு எழுத்து எது, கறை எது என்று பிரிக்கத் தெரியாது. பக்கத்தைத் திருப்பினால் போன பக்கத்தின் நிழல் புதிய பக்கத்தில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நிறம் போகட்டும், அளவுதான் பெரிய பஞ்சாயத்து. நம் பதிப்பகங்கள் போடும் டெம்மி அளவுப் புத்தகம் ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். ஆறங்குல ரீடர் என்பது மூலைக்கு மூலை அளந்த கணக்கு. திரையின் உயரம் ஐந்து அங்குலம்கூட இல்லை. முழுப்பக்கத்தையும் அதற்குள் திணித்தால் எழுத்து பாதியைவிடச் சற்றே பெரிய அளவுக்குச் சுருங்கிவிடும். பத்து பாயின்ட் எழுத்து ஐந்தரை பாயின்ட்டாகும். நாற்பது தாண்டிய கண்ணுக்கு அது எழுத்தில்லை, எறும்புக்கூட்டம். இங்கிலீஷிலாவது எழுத்துகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வரிசை கட்டும். நமக்கு மேலே புள்ளி, விசிறி, கீழே சுழி. சுருக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். புள்ளி போனால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும்.

பெரிதாக்கிப் பார்க்கலாமே என்பீர்கள். இரண்டு விரலால் விரித்தால் திரை ஒரு முறை கறுத்து வெளுக்கும். வலப்பக்கம் தள்ளினால் மறுபடி கறுத்து வெளுக்கும். ஒரு வரியைப் படித்து முடித்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வர மீண்டும் இடப்பக்கம் தள்ள வேண்டும். கருவியைப் படுக்கைவசமாகத் திருப்பினால் அகலம் கிடைக்கிறது, எழுத்தும் படிக்கிற அளவுக்கு வருகிறது. ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று தட்டு. போதாததற்கு வெட்டு சரியாக ஒரு வரியின் வயிற்றில் விழும். மேல்பாதி எழுத்து முந்தின திரையிலும் கீழ்ப்பாதி இந்தத் திரையிலும் கிடக்கும். ஓரங்களை வெட்டி, வரிகளை அறுத்து, சின்னத் திரைக்கேற்ப அடுக்கித் தரும் இலவச மென்பொருள் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். கறையில்லாத புத்தகத்தில் ஓரளவு ஒழுங்காக வந்தது. பயண நூலில் பக்க எண்ணெல்லாம் வாக்கியத்துக்கு நடுவே வந்து உட்கார்ந்தது.

சரி, படத்தை எழுத்தாக மாற்றிவிடலாம் என்று அடுத்து இறங்கினேன். கூகுள் டிரைவில் ஏற்றினால் பக்கப் படத்தைப் படித்து எழுத்தாகக் கொடுக்கும். அண்மையில் அச்சான நூல் என்றால் அசந்துபோகும் அளவுக்குச் சுத்தமாக வருகிறது. பழைய நூலில்தான் சிக்கல். தமிழக அரசு 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, னை எல்லாம் தலையில் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் வளைந்திருக்கும். இதோடு ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள பழைய குழப்பம் வேறு. ஒரு அத்தியாயத்தைத் திருத்துவதற்குள் அந்தப் புத்தகத்தையே எழுதிவிடலாம் போலிருந்தது. விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் இந்த வேலையைத்தான் சம்பளமில்லாமல் பக்கம் பக்கமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் மெய்ப்புப் பார்த்து முடித்த நூலை, திரைக்கேற்ப வரி மடங்கும் இபப் கோப்பாக இறக்கி ரீடரில் போட்டுப் பாருங்கள், அருமை புரியும்.

ரீடரில் தமிழ் நன்றாக வரும் இடங்களிலெல்லாம் இப்படி யாராவது ஒருவரின் இலவச உழைப்பு இருக்கிறது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல் முதல் நாவல் வரை தட்டச்சு செய்து வைத்திருப்பதால்தான் அவை எந்தத் திரையிலும் தண்ணீர் மாதிரி ஓடுகின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் செய்ததைக் கேளுங்கள். ரீடர்களுக்குத் தமிழே சரியாகத் தெரியாத காலத்தில் அவர்கள் ஒவ்வொரு நூலையும் இபப், ஏ-4 பிடிஎஃப் என்று போட்டதோடு நிற்காமல், ஆறங்குலத் திரைக்கென்றே அளவெடுத்துத் தனியாக ஒரு பிடிஎஃப் போட்டார்கள். பக்கம் கச்சிதமாக உட்காரும், வரி வெட்டாது. பெரிய கம்பெனிகளுக்குத் தோன்றாதது இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் மின்னூலில் வேறு ஒரு எரிச்சல். இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று என் ரீடர் வரியை இழுத்து அடைக்கிறது. இங்கிலீஷில் சொல் நீளமானால் நடுவில் சிறு கோடு போட்டு உடைத்துக்கொள்வார்கள். என் ரீடரில் தமிழுக்கு அந்த வசதி இல்லை. ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் வந்தால் அது மொத்தமாக அடுத்த வரிக்குக் குதிக்கும். விட்டுப்போன வரியில் மிச்சமிருக்கும் இரண்டு சொல்லும் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும், நடுவே ஒரு மைதானம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பக்கம் முழுக்க மைதானம்தான். இடப்பக்கம் மட்டும் ஒட்டிக்கொள், வலப்பக்கம் எப்படியோ போ என்று சொல்லும் பொத்தான் சில ரீடர்களில் உண்டு. என்னுடையதில் இல்லை.

பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனி வாங்க வேண்டியதுதானே? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2010இல் இன்ஃபிபீம் என்ற நம் நாட்டுக் கம்பெனி ‘பை’ என்றொரு ரீடரை 9,999 ரூபாய்க்கு விட்டது. இன்று அதைப் பார்த்தவர்களைத்தான் தேட வேண்டும். ஃபிளிப்கார்ட் மின்னூல் விற்றுப் பார்த்தது, 2015 கடைசியில் வாடிக்கையாளர்களைக் கோபோ என்ற மின்னூல் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கியது. அமேசான் 2016 டிசம்பரில் தன் ரீடரான கிண்டிலில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களைக் கொண்டுவந்தது. தமிழ் எழுத்தாளர்கள் தாங்களே புத்தகம் போட ஆரம்பித்தார்கள், கடை அங்கே நிலைத்துவிட்டது. அதன்பின் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பது பெயரளவுக்குத்தான். புத்தகம் எந்தக் கடையில் இருக்கிறதோ அந்தக் கடையின் கருவி.

கடைக்காரருக்கும் இது தெரியும். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவல் உரிமைச் சிக்கலில் மாட்டியபோது வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அதைத் தூரத்திலிருந்து அழித்தது. பிறகு அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய நூலைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்து யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு அதே ஆண்டு ஏப்ரலில் ஏழங்குலக் கிண்டில் பேப்பர்வைட் இந்தியாவுக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய்.

அந்தப் பணத்துக்குப் பத்தங்குல டேப்லெட் வரும். பழைய புத்தகம்தான் முக்கியம் என்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். கனம்தான், படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும், வாட்ஸப் மணி அடிக்கும், வெயிலில் உதவாது. ஆனாலும் அந்தப் பயண நூலைக் கடைசியில் நான் முடித்தது வீட்டில் பிள்ளை பாடம் படிக்கும் டேப்லெட்டில்தான், ஃபேனுக்கு அடியில்.

ரீடரா டேப்லெட்டா என்ற போட்டி எங்கள் ஊரில் முடிந்து வெகுநாளாகிவிட்டது என்பதுதான் உண்மை. ஜெயித்தது போன். சாயங்காலம் ஷூ கம்பெனி பஸ் எங்கள் முத்துக்கடை நிறுத்தத்துக்கு வரும்போது பாருங்கள், ஜன்னலோரப் பெண்களில் ஒன்றிரண்டு பேராவது பிரதிலிபி செயலியில் தொடர்கதை படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவல் இருந்த இடம் அது. ரமணிசந்திரன் நாவல்களைக் கைமாற்றிப் படித்தவர்களின் மகள்கள் இவர்கள். போனில் அகலம் மூன்றங்குலம்கூட இல்லை. அதனால் என்ன? கதையே அந்த அகலத்துக்காக எழுதப்படுகிறது: சின்னப் பத்தி, நிறைய உரையாடல், அத்தியாயக் கடைசியில் ஒரு திருப்பம். பழைய பக்கத்தைப் படம் பிடித்துத் திணிக்கும் வம்பே இல்லை. அப்படி ஒரு பஸ்ஸில் பக்கத்து சீட்டுத் தங்கை என் ரீடரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல இன்னாண்ணா வரும்?”

“புத்தகம் மட்டும்தாம்மா.”

“யூடியூப்?”

“வராது.”

“கலரு?”

“இல்ல.”

“பேட்டரி?”

“மூணு வாரம் நிக்கும்.”

“அதான் ஒண்ணுமே வரலியே, நிக்காம இன்னா செய்யும்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

உறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் டேனரிகள் நிறைந்த ராணிப்பேட்டையின் தோல் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கம்பெனிகள் ரீடருக்கு விற்கும் உறை பெரும்பாலும் துணி, இல்லையென்றால் பியூ. பியூ என்பது துணிமேல் பூசிய பிளாஸ்டிக், இரண்டு கோடையில் மடிப்பில் உரியும். ஆப்பிள் 2023 செப்டம்பரில் இனிமேல் எந்த உறைக்கும் தோல் கிடையாது என்று அறிவித்து ஃபைன்வோவன் என்ற துணியைக் கொண்டுவந்தது. நகம் பட்டாலே தழும்பு விழுகிறது என்று ஊரெல்லாம் திட்டியது. அடுத்த வருடப் போன்களுக்கு அந்தத் துணி உறையே வரவில்லை. ஐபோன் மட்டும் இங்கிருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும், அதன் மேல் எங்கள் தோல் ஏறக்கூடாது! பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்ததை மறைக்கும் ஆள் நானில்லை. ஆனால் அதற்குப் பதில் பிளாஸ்டிக் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் ரீடருக்கு ஷூ மேல்பாகம் வெட்டியது போக மிஞ்சிய மாட்டுத்தோல் துண்டில் உறை தைத்துக்கொண்டேன். மூடினால் திரை அணைய வேண்டும் என்றால் மூடிக்குள் காந்தம் வேண்டும். கைப்பைப் பொத்தானுக்குப் போடும் காந்தமே போதும். எந்த இடத்தில் என்றுதான் தெரியாது. காந்தத்தைத் திரையின் ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே வர வேண்டும், ஓரிடத்தில் திரை சட்டென்று தூங்கும். அங்கே பேனாவால் குறித்துக்கொண்டு, தோலின் உள்பக்கம் பசை போட்டு ஒட்டி, மேலே லைனிங் தைத்தால் முடிந்தது.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு. புதிய மின்னூல்களும் இபப்பும் போதும் என்பவர்கள் ரீடர் வாங்கலாம், முடிந்தால் ஏழங்குலம். பத்தங்குலத்திலேயே ரீடரில் இருப்பதுபோன்ற மின்மைத் (இ-இங்க்) திரை வருகிறது, பழைய நூலுக்கும் வெயிலுக்கும் அதுதான் சரி. ஆனால் முப்பதாயிரத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். டேப்லெட் வாங்குபவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் அங்குலக் கணக்கை நம்பாமல் கடைக்கு ஒரு டெம்மி புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். 16க்கு 10 விகிதத்தில் வரும் 10.1 அங்குலத் திரையின் மேல் வைத்தால் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.